நாற்பது நிமிடம் கழித்து வாங்க

கடைத்தெருவின் நடுவில் இருக்கும் அழகுப் பொருள் கடையில் என் அத்தை பன்னிரண்டு வருடமாக சென்ட் பிரிவில் நிற்கிறார். பெரிய கம்பெனிகளின் சென்ட்டை வாங்க முடியாதவர்கள் அங்கே வருவார்கள். எங்கள் கடை சொந்தமாகத் தயாரித்து விற்கும் சென்ட்டுகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பிரபலமான சென்ட்டைப் போல மணக்கும். எதைப் போல என்று வாயால் சொல்லக் கூடாது. வழக்குப் போட்டுவிடுவார்கள் என்று மேலாளருக்குப் பயம். அதனால் வாங்க வருபவர் குரலைத் தாழ்த்தி, கைப்பேசியில் ஒரு புட்டியின் படத்தைக் காட்டுவார். அத்தை அதைப் பார்த்துவிட்டு, பேசாமல் பதினேழாம் எண்ணை எடுத்து வைப்பார். திருட்டுச் சாமான் கைமாறுவது போலவே இருக்கும்.

இதுவரை சரி. இதற்குப் பிறகு அத்தை செய்வதுதான் தலைவலி. வந்தவரின் மணிக்கட்டில் சென்ட்டை ஒரு தடவை அடித்துவிட்டு, "போய்ச் சுத்திட்டு நாப்பது நிமிஷம் கழிச்சு வாங்க" என்பார். பணப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவரைக்கூட அனுப்பிவிடுவார். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. கடையில் அவருக்குப் பெயரே 'நாப்பது நிமிஷம்'தான். "நாப்பது நிமிஷம் சாப்பிடப் போயாச்சா?" என்று பில் போடும் அக்கா சத்தமாகவே கேட்பார். அத்தை கண்டுகொள்ள மாட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை, அது எனக்கும் தெரியும். நான் வேதியியல் பட்டதாரி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். வேறு வேலை கிடைக்கும்வரை இங்கே இரு என்று அத்தைதான் கடையில் சேர்த்துவிட்டார். சென்ட்டில் முதலில் மூக்கில் ஏறும் எலுமிச்சையும் பூவும் சீக்கிரம் பறந்துவிடும். கடைசிவரை தோலில் தங்குவது வேறு. மலிவுச் சரக்கில் கஞ்சத்தனம் காட்டுவது அதில்தான். பதினேழு சாயங்காலம்வரை நிற்கும். முப்பத்தொன்று அரை மணியில் நனைந்த அட்டைப்பெட்டி போல நாறும்.

இதெல்லாம் தெரிந்த நான், மூன்றே மாதத்தில் அத்தையைவிட இரண்டு மடங்கு விற்றுக்கொண்டிருந்தேன். "அதேதானா?" என்று கேட்பார்கள். "அச்சு அசல்" என்பேன். அப்படிச் சொல்லும்போது எனக்கு என்ன தோன்றியது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் உறுத்துகிறது.

போன மாதம் மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வாடிக்கையாளர் போல வந்து சோதிக்கப் போகிறாராம். அத்தை அவரையும் சுற்றிவிட்டு வரச் சொன்னால் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். கிடங்கு ஊரின் மறுகோடியில் இருக்கிறது. நாளெல்லாம் பெட்டி தூக்க வேண்டும். அத்தைக்கு வலது முழங்கால் சரியாக மடங்காது.

"நீ படிச்ச பொண்ணு. எடுத்துச் சொல்லும்மா" என்றார் மேலாளர்.

அன்றைக்கே அத்தை வீட்டுச் சமையலறையில் நான் வாடிக்கையாளராக நடித்தேன்.

"இதை எடுத்துக்கலாமாங்க?"

"தாராளமா."

"அவ்வளவுதான் அத்தை! அதோட நிறுத்துங்க."

"ஆனா ஒரு நாப்பது..."

"அத்தை!"

"சரி, சரி. கத்தாதே, பக்கத்து வீட்டுல கேக்கப் போகுது."

வியாழக்கிழமை தலைமை அலுவலக ஆள் வந்தார், ஓர் அம்மாள். யார் என்று கடைக்கே தெரிந்துவிட்டது. வாங்க வந்தவர் யாராவது முதலில் தரையையும் விளக்கையும் பார்ப்பாரா? நான் தூரத்திலிருந்து அத்தைக்குக் கண் காட்டினேன், கை காட்டினேன், கடைசியில் கும்பிடவே செய்தேன். அத்தை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பாடா என்று இருந்தது.

அந்த அம்மாள் காட்டிய படத்துக்கு உரியது, என் கெட்ட நேரம், முப்பத்தொன்று. அத்தை மணிக்கட்டில் அடித்தார்.

"நல்லா இருக்கே! குடுங்க, எடுத்துக்கறேன்."

"இப்ப நல்லாத்தான் இருக்கும். நாப்பது நிமிஷம் கழிச்சு வாங்க."

"எனக்கு நேரமில்லைங்க."

"அப்ப நாளைக்கு வாங்க."

திங்கட்கிழமை மாற்றல் கடிதம் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கிடங்கு. சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போய்க் கொட்டித் தீர்த்தேன்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வராதுன்னு தெரியும் அத்தை. ஆனா ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆளுகிட்ட..."

"பொய்யா? உங்க மாமாகிட்ட தினம் ரெண்டு சொல்றேனே." அத்தை முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒருத்தி முப்பத்தொண்ணைத் திருப்பிக் கொண்டாந்தா. கடை நெறைய ஆளு. ஏமாத்துக்காரின்னு கத்தினா. என்னால வாயைத் தொறக்க முடியலை. இன்னொரு தடவை அப்படி நிக்க என்னால ஆகாது, அவ்வளவுதான். நீ என்னமோ என்னைப் பெரிய உத்தமி மாதிரி பாக்கறே."

பார்த்தேன்தான். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாள், வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த சரக்குகளின் நோட்டைப் பில் போடும் அக்காவிடம் வாங்கிப் பார்த்தேன். யார் விற்றது என்பதும் அதில் இருக்கும். இரண்டு வருடப் பக்கங்களில் அத்தையின் பெயரில் ஒன்றுகூட இல்லை. என் பெயரில் மூன்று மாதத்தில் ஒன்பது.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லவே இல்லை?"

"திட்டு வாங்கறது நான்தானே, உனக்கென்ன? நீ பாட்டுக்கு அச்சு அசல், அச்சு அசல்னு வித்துட்டு இரு."

தலைமை அலுவலகத்துக்கு எழுத உட்கார்ந்தேன். அத்தையின் பூஜ்யத்தை மட்டும் எழுதினால் அது வெறும் பூஜ்யம். பக்கத்தில் என் ஒன்பதையும் வைத்தால்தான் அதற்கு அர்த்தம் வரும். அந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. வெட்கத்தால் மட்டுமல்ல, பயத்தாலும்தான். இந்த வேலையும் போனால்?

பத்து நாளில் பதில் வந்தது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அத்தையின் மாற்றல் ரத்து. ஆனால் இனிமேல் இருபது நிமிடத்துக்கு மேல் யாரையும் காக்கவைக்கக் கூடாது.

"இருபது நிமிஷத்துல என்னத்தைத் தெரியும்?" என்று அத்தை என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்.

"அத்தை, உங்க கால்ல வேணா விழறேன்."

"சரி, சரி."

மறுநாள் காலை முதலில் வந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். "இருபது நிமிஷம் கழிச்சு வாங்க" என்று அத்தை ஒழுங்காகச் சொன்னார். தள்ளி நின்ற மேலாளரின் முகத்தில் எவ்வளவு நிம்மதி! ஓட்டுநரும் சொன்ன நேரத்துக்கு வந்து கையை நீட்டினார். அத்தை குனிந்து முகர்ந்தார்.

"ம், நல்லாத்தான் வருது. இன்னும் ஒரே ஒரு இருபது நிமிஷம், போயிட்டு வந்துடுங்க."

மேலாளரின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் குனிந்து கீழ்த்தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.