சோப்பு வாசனையோடு வந்த கிண்ணங்கள்

புனே அருகே ஆகுர்டியில் என் பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பெண் பெருநாளுக்கு நான் பால் சேமியாப் பாயசம் அனுப்பிய கிண்ணத்தை நேற்று திருப்பித் தந்தாள். "ஷீர் குர்மா சூப்பருங்க ஆன்ட்டி." காலிக் கிண்ணத்தில் சோப்பு வாசனை அடித்தது. அவள்மேல் தப்பில்லை. எனக்குத்தான் பழைய பெருநாள் ஒன்று ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளில் நாங்கள் புனேயில் கேம்ப் என்ற பகுதியில் இருந்தோம். அத்தா கல்லூரியில் இஸ்லாமிய வரலாறு கற்பித்தார். மராத்திப் பத்திரிகைகளில் எழுதினார். ஒரு ரமலானில், பள்ளிவாசலில் பெண்களுக்கும் தொழ இடம் வேண்டும் என்று எழுதிவிட்டார்.

அந்தப் பெருநாளிலும் அம்மா வழக்கம்போல எட்டு வீடுகளுக்கு ஷீர் குர்மா அனுப்பினாள். எங்கள் சந்தில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது போடுவார்கள். அன்று எட்டும் காலியாக வந்தன.

"உங்க எழுத்தால நமக்கு மனுசங்களே இல்லாமப் போச்சு" என்று அம்மா அழுதாள்.

அத்தா கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். "கழுவித்தானே குடுத்திருக்காங்க. அடுத்த பெருநாளைக்கும் அனுப்பு."

அனுப்பினாள். அடுத்த ஒன்பது வருஷமும் காலியாகவே வந்தன. டெல்லியிலிருந்தெல்லாம் அத்தாவைப் பேச அழைத்தார்கள்; சந்தில் அவருக்கு சலாம் சொல்ல ஆளில்லை.

அவர் மவுத்தான அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அந்த எட்டு வீடுகளிலிருந்தும் சாப்பாடு வந்தது. மூன்றாம் நாள் அம்மா அவர்களுடைய பாத்திரங்களைக் கழுவி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி சர்க்கரை போட்டாள்.

"அவரு இருக்கையில இவங்க ஒரு தடவ போட்டிருக்கக் கூடாதா?"

பாத்திரங்களிடம்தான் கேட்டாள்.