துரை ஒருமுறைதான் கேட்பான்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வெறும் வாயால் மாளிகை கட்டியவர் என்றால் அது சபாபதிதான். ரயில்வேயில் சாதாரணக் கிராணி, அதாவது குமாஸ்தா. காப்பார் பக்கத்துப் பிரெஞ்சுக்காரர் ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி வேலை காலியாகிறது என்று கேள்விப்பட்ட அன்றே அந்த நாற்காலி தனக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டார். வேலை கைக்கு வருமுன்பே ரயில்வேயில் ராஜினாமாவும் கொடுத்தாயிற்று. மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். உள்ளறையில் அவருடைய அம்மா படுத்த படுக்கை.

அந்த அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, முதுகில் புண் வராமல் பார்ப்பது எல்லாம் அவர் மனைவி வள்ளியம்மா. கல்யாணத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பழகியவள். சபாபதி அந்த அறை வாசலில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்பார். மகன் கடமை அதோடு முடிந்தது.

தோட்டத்துத் துரையை மயக்கப் பிரெஞ்சு வேண்டுமாம். சொல்லிக்கொடுக்கச் சின்னையா கிடைத்தார். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பாட்டு மேசைப் பேச்சு.

"'ஜேம் லெ தே.' எனக்குத் தேத்தண்ணி பிடிக்கும். சொல்லுங்க தம்பி."

சபாபதி சொன்னார். தேத்தண்ணி பிடிக்கும், ரோஜாப்பூ பிடிக்கும், பாரிஸ் பிடிக்கும். பாரிஸை எங்கே பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை.

"'வூலே வூ வெனீர் ஷே நூ?' எங்க வீட்டுக்கு வரீங்களா? இனி, யாராவது உங்களைக் கூப்பிட்டா..."

"அது எதுக்கண்ணே? நான் கூப்பிடப் போறவன்லா."

"இதை மட்டும் கேட்டுக்குங்க. துரை ஒருமுறைதான் கேப்பான். நம்மாளுங்க மாதிரி கையைப் பிடிச்சு இழுக்க மாட்டான்."

சபாபதி வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

சபாபதி கூப்பிட்டபடியே துரை வந்தார். ஞாயிற்றுக்கிழமை, மோட்டார் காரில். தெருவே வேடிக்கை பார்த்தது. வள்ளியம்மா மாமியாரைத் துடைத்துப் படுக்கவைத்து, கைகழுவி, வடை சுட்டுக் கொண்டுவந்து வைத்தாள். துரை நான்கு வடை தின்றார். பிடித்திருக்கிறது என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, சபாபதிக்குப் புரியட்டும் என்று மெதுவாகப் பிரெஞ்சில் கேட்டார்: அடுத்த மாதம் எங்களோடு வேலைக்கு வர விருப்பமா?

சபாபதிக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததால்தான் கெட்டது. கேட்டவுடன் சரி என்றால் வேலைக்கு அலைகிறவன் என்று நினைப்பார்கள். கல்யாணப் பந்தியில் முதல் அழைப்புக்கே எழுந்து ஓடுகிறவனை யார் மதிப்பார்கள்? தலையைக் குனிந்து, கையை ஆட்டி, புன்னகையோடு, "நோன், நோன், மெர்சி" என்றார்; வேண்டாம், வேண்டாம், நன்றி.

துரை, "உங்கள் விருப்பம்" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

சபாபதி வாசலிலேயே நின்றார். கார் திரும்பி வரும் என்று பார்த்தார். முனையில் திரும்பியது, சாலைப் பக்கமாக.

"என்னங்க, வேலை கொடுத்தானா?"

"கேட்டான். வேணாம்னேன். மறுபடி கேப்பான்."

வள்ளியம்மா தட்டை எடுத்தாள். "ஏங்க, ஆஸ்பத்திரியில மருந்து வேணாம்னு பிகு பண்ணினவங்க யாரும் பொழைச்சதில்லை."

"அப்போ நான் போய்க் கேக்கணுமா? மானம் என்ன ஆகிறது?"

போகவில்லை. அடுத்த வாரம் அந்த நாற்காலி பாலன் என்று ஒரு கிள்ளான் ஊர்ப் பையனுக்குப் போனது. அவனுக்குப் பிரெஞ்சில் ஒரு எழுத்தும் தெரியாது. துரை இங்கிலீஷில் கேட்டாராம், இவன் "எஸ் சார்" என்றானாம்.

ரயில்வே திரும்ப எடுக்கவில்லை. மாதக் கடைசியில் வள்ளியம்மா மாமியாரை மெத்தையோடு மாட்டுவண்டியில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கொண்டுபோனாள். அங்கே தாவூத் ராவுத்தரின் ஜவுளிக்கடையில் சபாபதிக்கு எடுபிடிக் கணக்கு வேலை. முதல் நாள் மத்தியானம் ராவுத்தர் உள்ளேயிருந்து, "சபாபதி, ஒரு வாய் சாப்பிட வாங்க" என்றார், வாய்ப்பேச்சுக்குத்தான்.

அவர் வாயை மூடுமுன் சபாபதி கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.