பென்ட்ரைவுக்குள் ஒரு குசினி

அந்த யோசனை எனக்குப் படகில் வைத்து வந்தது. யாருடையதோ சோற்றுப் பானை ஒன்றின் மேல் முழங்கையை ஊன்றியபடி இருந்தேன். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து எங்கள் நயினாதீவுக்குப் போகும் பின்னேரப் படகு. தெற்கிலிருந்து விகாரைக்கு வந்த பெரிய குடும்பம் ஒன்று படகில் பாதியை நிறைத்திருந்தது. அவர்களோடு அவர்களின் குசினியும் ஏறியிருந்தது. காஸ் அடுப்பு, இரண்டு பெரிய பானை, அகப்பை, மிளகாய்த்தூள் போத்தல், தேங்காய் துருவும் திருவலை. இறங்கிய இடத்தில் ஒரு மரநிழலைப் பிடிப்பார்கள், சமைப்பார்கள், சாப்பிடுவார்கள், கழுவி மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே யாரோ சமைத்தார்கள் என்பதுகூடத் தெரியாது. சின்ன வயதிலிருந்து நான் காணாத காட்சியா? ஆனால் அன்றைக்கு அந்தப் பானையின் மேல் கையை வைத்தபடி நினைத்தேன்: போகிற இடத்தில் குசினி இருக்கிறதா என்று இவர்கள் யாரிடமும் கேட்பதில்லை. நான் மட்டும் ஏன் கேட்டுக்கொண்டு திரிகிறேன்?

நான் கேட்டுத் திரிந்தது ஓர் எடிட்டரை. நிரல் எழுதுகிற மென்பொருள். கணினியோடு சும்மா வருகிற நோட்பாட்டிலும் நிரல் எழுதலாம்தான், நெருஞ்சிக் காணிக்குள் வெறுங்காலோடு நடக்கலாம் என்கிற மாதிரி. எனக்குப் பிடித்த எடிட்டர் வரிகளுக்கு இலக்கம் போடும். திறந்த அடைப்புக்குறியை மூட மறந்தால் சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். ஒரு சொல்லை நாற்பது இடத்தில் ஒரே தட்டலில் மாற்றும். கடும் நீலத் திரையில் மஞ்சள் எழுத்து என்று, இரண்டு வருடமாக அதை என் கைக்குப் பழக்கி வைத்திருந்தேன். அது இருந்த மடிக்கணினியைத்தான் உப்புக்காற்று தின்றுவிட்டது. திருத்தக் கொடுத்த இடத்தில் திறந்து காட்டினார்கள். உள்ளே மின்சுற்றுப் பலகை முழுக்கக் களிம்பு.

அது போன நேரம் சரியில்லை. யாழ்ப்பாண நகரத்தில் ஆறு மாத நிரலாக்கப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். உயர்தரம் முடித்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல், பின்னேரங்களில் அக்கரையில், புங்குடுதீவில், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை. சொந்தமாக எழுதிய ஒரு நிரலை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும், பிந்தினால் பார்க்கவே மாட்டார்கள். நான் எடுத்தது எங்கள் படகு. உங்கள் பஸ் இறங்குதுறைக்கு இத்தனை மணிக்கு வந்து சேரும் என்று கொடுத்தால், எந்தப் படகைப் பிடிக்கலாம் என்று சொல்லும் ஒரு பக்கம்.

கைக்கெட்டிய கணினிகள் இரண்டு. காலையில் எங்கள் தீவு வாசிகசாலையில் ஒன்று. பின்னேரம், கணக்குப் படிப்பித்துவிட்டுக் கடைசிப் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில், அக்கரை இறங்குதுறைக்குப் பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடையில் ஒன்று. இரண்டிலும் என் எடிட்டர் இல்லை. வாசிகசாலைக் கணினிக்குப் பொறுப்பான அக்காவிடம் அதை ஏற்றித்தரக் கேட்டிருந்தேன். "இதிலை ஒண்டும் ஏத்தக் கூடாது" என்று சுவரில் ஒட்டியிருந்த தாளை விரலால் காட்டினா. அதை எழுதி ஒட்டியதும் அவதான்.

அன்று படகிலிருந்து இறங்கிய கையோடு போனில் தேடினேன். இருந்தது! என் எடிட்டருக்கே, கணினியில் ஏற்றாமல் பென்ட்ரைவிலிருந்து நேரே ஓடுகிற வடிவம் ஒன்று இருந்தது. தன் அமைப்புகளை எல்லாம் தன் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். என் நீலமும் மஞ்சளும் என்னோடேயே வரும். அடுத்த நாள் காலை வாசிகசாலை திறக்க முன்னமே வாசலில் நின்றேன்.

"அக்கா, நான் ஒண்டும் ஏத்தேல்லை. என்ரை பென்ட்ரைவுக்குள்ளை இருந்தபடியே ஓடும். கழட்டிக்கொண்டு போனா உங்கடை கொம்பியூட்டர்ல ஒரு அடையாளமும் இராது."

"அடையாளம் இராது எண்டு கள்ளரும்தான் சொல்லுறவை."

"உங்கடை தாளிலை ஏத்தக் கூடாது எண்டுதானே கிடக்கு. ஓட்டக் கூடாது எண்டு இல்லையே."

அக்கா தாளை ஒரு தரம் பார்த்தா, என்னை ஒரு தரம் பார்த்தா. "நீர் சட்டம் படிக்கப் போயிருக்க வேணும். கொண்டாரும் இஞ்சை. முதல்ல வைரஸ் பாக்க வேணும். போன மாசம் ஒருத்தன் கலியாணப் படம் எடுக்க வந்து என்ரை போல்டர் எல்லாத்தையும் ஷோர்ட்கட் ஆக்கிப்போட்டுப் போனவன்."

அன்றிலிருந்து அங்கே போகும் ஒவ்வொரு காலையும் இதே சடங்குதான். அக்கா பென்ட்ரைவை வாங்கிச் செருகிச் சோதிப்பா, திரையில் பச்சை வந்ததும் "காய்ச்சல் இல்லை, இரும்" என்பா. எழும்பும்போது இன்னொரு சடங்கு. "எல்லாத்தையும் முறையாப் பூட்டும். பென்ட்ரைவைக் கொம்பியூட்டருக்குச் சொல்லிப்போட்டுக் கழட்டும். கதிரையை உள்ளை தள்ளும்." நான் கதிரையைத் தள்ளும் வரை அங்கேயே நிற்பா.

கடைக்கார அண்ணைக்கு இப்படி ஒரு சட்டமும் இல்லை. "என்னத்தையெண்டாலும் செய் தங்கச்சி, பிரின்டரை மட்டும் தொட்டுப்போடாதை, அது இப்பத்தான் சமாதானமாகி இருக்கு." அந்தக் கடையில் என் பென்ட்ரைவ் G என்று வரும், வாசிகசாலையில் E என்று வரும். முதல் நாள் அதில் தடுக்கி விழுந்தேன். காலையில் வாசிகசாலையில் திறந்த கோப்பை E-யிலேயே தேடித் தேடி, இல்லை இல்லை என்றது எடிட்டர். பிறகு எழுத்தையே சொல்லாமல், "நீ இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலே தேடு" என்கிற மாதிரி பாதையை மாற்றி எழுதினேன். எங்கே செருகினாலும் சரியாகத் திறந்தது. அன்று அந்த எரிச்சல் பிடித்த கடையில், போட்டோக்கொப்பி மெஷினின் சூட்டுக்குள், மஞ்சள் எழுத்து நீலத்தில் விரிந்தபோது வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அண்ணை எட்டிப் பார்த்து, "உதென்ன, கடலுக்குள்ளை மஞ்சள் மீனே?" என்றார்.

புதன் முழுக்கவும் வியாழன் காலையும் வாசிகசாலைக்குப் போகாமல் படகு நேரங்களைச் சேர்த்தேன். இறங்குதுறைப் பலகையில் இருந்ததை எழுதினேன், படகு ஓட்டிகளிடம் கேட்டேன். வியாழன் பின்னேரம் கடையில் எல்லாவற்றையும் நிரலுக்குள் போட்டு முடித்தேன். ஒரே ஒரு பிழை மிஞ்சியிருந்தது. அதையும் பிடித்து, சேமிக்கும் விசைகளை அழுத்தினேன். அந்த நேரம் பார்த்துக் கடைசிப் படகின் ஹோர்ன் அடித்தது.

எங்கள் தீவுக்காரருக்குப் படகின் ஹோர்ன் காதில் கேட்பதில்லை, காலில் கேட்கும். அக்கரையில் கலியாண வீட்டுக்குப் போய், பாயாசக் கோப்பையோடேயே எழும்பி ஓடியவர்களை எனக்குத் தெரியும். செத்த வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்கூட "பேந்து வாறன்" என்று செருப்பைத் தேடியிருக்கிறார். எனக்கும் கால்தான் முதலில் எழும்பியது. கை பென்ட்ரைவைப் பிடுங்கியது.

"தங்கச்சி, உதிலை லைட் மினுங்குதெல்லே!" அண்ணை பின்னால் கத்தினார்.

"நாளைக்குப் பாப்பம் அண்ணை!"

படகில் ஏறி, கடல்தண்ணீர் தெறிக்காமல் பென்ட்ரைவைச் சிறிய பிளாஸ்டிக் பையில் போட்டு, கழுத்துக் கயிற்றில் கட்டிச் சட்டைக்குள் விட்டேன். கடலிலிருந்து காப்பாற்ற அவ்வளவு கவனம்! என்னிடமிருந்து காப்பாற்றத்தான் அதற்கு ஒருவரும் இருக்கவில்லை.

வெள்ளி காலை வாசிகசாலையில் அக்கா சோதித்தா, காய்ச்சல் இல்லை என்றா. கோப்பைத் திறந்தேன். நீலத் திரை முழுக்க, வரி வரியாக, ஒரே வெறுமைக் குறி. ஒரு எழுத்துக்கூட இல்லை. கோப்பின் அளவு மட்டும் அப்படியே இருந்தது, ஆள் இல்லாத வீட்டில் வெளி லைட் எரிகிற மாதிரி. திரும்பத் திறந்தேன். திரும்ப அதே.

"என்ன, முகம் வெளிறிப்போச்சு?" அக்கா வந்தா.

சொன்னேன். ஹோர்ன் அடித்ததையும், சேமித்து முடிய முன்னமே பென்ட்ரைவைப் பிடுங்கியதையும் சொன்னேன். அக்கா திட்டுவா என்று நினைத்தேன். திட்டவில்லை, அவவும் தீவுக்காரிதானே. "ஹோர்ன் அடிச்சா என்ன செய்யிறது" என்று பெருமூச்சு விட்டு, பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா. "பழைய கொப்பி ஒண்டும் இல்லையே?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முறையாக மூடும் ஒவ்வொரு தடவையும் எடிட்டர் ஒரு பிரதியைத் தன் கோப்புறைக்குள் வைத்துவிடும். கடையில் ஒரு நாளும் நான் அதை முறையாக மூடியதில்லை, எல்லா நாளும் ஹோர்னுக்கு ஓடியதுதான். ஆனால் இங்கே? கோப்புறையைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை காலைப் பிரதி ஒன்று இருந்தது! அக்கா கதிரையைத் தள்ள வைத்த நேரத்துப் பிரதி.

"பாத்தீரே?" என்றா அக்கா. முகத்தில் அப்படி ஒரு வெற்றி. "பூட்டிப்போட்டு எழும்பு பூட்டிப்போட்டு எழும்பு எண்டு நான் என்ன சும்மாவே கத்துறனான்?"

செவ்வாயின் நிரல் கிடைத்துவிட்டது. புதனும் வியாழனும் போய்விட்டன. நேரம் ஒன்பதே முக்கால், அனுப்ப வேண்டியது நாலு மணிக்குள். எழுதினேன். ஏற்கனவே ஒரு தரம் யோசித்தது என்பதால் விரல்கள் வேகமாக ஓடின, சில இடங்கள் முதல் தடவையைவிடக் கட்டையாகவும் வந்தன. மதியம் அக்கா தன் சாப்பாட்டுப் பெட்டி மூடியில் எனக்கும் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுத் தந்தா. அதுவும் வாசிகசாலைக்குள், தானே எழுதி ஒட்டிய இன்னொரு தாளுக்கு நேர் கீழே. ஒன்றரைக்கு நிரல் ஓடியது. ஆனால் நேரங்கள்? சேர்த்த படகு நேரங்கள் எழுதிய துண்டைக் கடை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடியிருந்தேன்.

"முதல் படகு ஏழு மணி தானே அக்கா?"

"ஏழோ? ஏழேகால் எண்டு நினைக்கிறன்."

அப்போது பள்ளிக்கூடம் விட்டு, படகுக்கு முன் பேப்பர் பார்க்க ஒரு ரீச்சர் உள்ளே வந்தா. ஒவ்வொரு நாளும் அக்கரையிலிருந்து வந்து போகிறவ. அவவிடமே கேட்டேன்.

"ஏழுமில்லை, ஏழேகாலுமில்லை" என்று பேப்பரை மடித்து மேசையில் போட்டா. "ஆக்கள் நிறைஞ்சா வெளிக்கிடும், நிறையாட்டி நான் வெயில்ல நிப்பன். வெள்ளிக்கிழமை அம்மனுக்கு ஆக்கள் வருவினம், ஏறி இருக்க முன்னமே நிறைஞ்சிடும். பௌர்ணமிப் போயா நாளெண்டா நிக்கவும் இடமில்லை. புதன்கிழமை வந்து பாரும், ஓட்டி தன்ரை சொந்தக் கதை முழுக்கச் சொல்லி முடிச்சாப் பிறகும் ஆக்கள் காணாது. நேரம் எழுதி ஆரை ஏமாத்தப் போறீர்?"

அக்கா சிரித்துவிட்டா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ சொன்னது சரி. எனக்கும் பிறந்ததிலிருந்து தெரிந்ததுதான். ஆனாலும் நகரத்துக்காரருக்கு அனுப்புகிறேன் என்று பலகையில் இருந்த நேரத்தை எழுதிவைத்திருந்தேன். தொலைந்துபோன நேரங்கள் தொலைந்ததே நல்லது.

"ரீச்சர், கிழமை கிழமையாச் சொல்லுங்கோ. எவ்வளவு நேரத்திலை நிறையும்?"

அவ சொன்னா, அக்கா இடையிடையே மறுத்தா, நான் தட்டினேன். வெள்ளி ஒரு மாதிரி, போயா ஒரு மாதிரி, மழை நாள் இன்னொரு மாதிரி. இப்போது பக்கம் ஒற்றை நேரம் எதையும் சொல்லாது. "இத்தனை மணிக்கு வந்து நில்லுங்கள், பெரும்பாலும் இதற்குள் வெளிக்கிடும்" என்று சொல்லும். கீழே ஒரு வரி: "ஹோர்ன் அடித்தால் ஓடுங்கள்."

வாசிகசாலை இணையம் ஆமை. என் போன் டேட்டாவில் அனுப்பினேன். நீலக் கோடு நகர்ந்து நகர்ந்து, நின்று, நகர்ந்தது. போய்ச் சேர்ந்தபோது நாலுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. ஹோர்ன் கேட்டு ரீச்சர் பாதி வசனத்தில் எழும்பி ஓடினா. நான் எழும்பவில்லை. எடிட்டரை மூடினேன், பென்ட்ரைவைச் சொல்லிவிட்டுக் கழற்றினேன், கதிரையை உள்ளே தள்ளினேன். அக்கா அதுவரை அங்கேயே நின்றா.

நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள், எதிரே மூவர் இருந்தார்கள். முதல் கேள்வி, எந்தக் கணினியில் செய்தீர்கள் என்பது. "ரெண்டிலை. ரெண்டும் என்ரை இல்லை" என்று கழுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினேன். அடுத்த கேள்வி, கடைசி வரியை ஏன் எழுதினீர்கள் என்பது. அதைச் சொல்லி முடிக்கக் கன நேரம் எடுத்தது, மூவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தெரிவாகிவிட்டேன் என்ற செய்தியை முதலில் அக்காவிடம்தான் கொண்டுபோனேன்.

"நல்லது" என்றா. உடனேயே, "அப்ப இனி இஞ்சை வரமாட்டீரோ?"

"வராமலோ? உங்களிட்டை இன்னொண்டு கேக்க வந்தனான்."

வாசிகசாலை மூலையில் துணி போட்டு மூடிய இரண்டாவது கணினி ஒன்று கிடக்கிறது. அதன் வன்தட்டு செத்து மூன்று வருடம். மற்றதெல்லாம் நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று அக்காவே சொல்லியிருக்கிறா. ஓர் எடிட்டரை பென்ட்ரைவில் கொண்டுபோகலாம் என்றால், முழு இயங்குதளத்தையுமே கொண்டுபோகலாமாம். செருகினால் கணினி அதிலிருந்தே எழும்புமாம். இன்னொரு பெரிய பென்ட்ரைவ் வாங்கிவிட்டேன். இந்தத் தடவை ஒன்றுக்கு இரண்டு பிரதி.

"அதுக்குள்ளையும் ஒண்டும் ஏத்தமாட்டீர்தானே?" அக்கா தாளைக் காட்டினா.

"ஏத்தவே ஏலாது அக்கா, ஏத்துறதுக்கு அதுக்குள்ளை தட்டே இல்லை."

அக்கா எழும்பிப் போய் மூலையில் கிடந்த துணியைத் தூக்கி உதறினா. தூசு பறந்தது. "திங்கக்கிழமை காலமை வாரும்" என்றா தும்மியபடி. "முதல்ல காய்ச்சல் பாக்க வேணும்."