வெயில் படாத நீலம்

வாவிக்கரைப் பூங்காவைக் கடந்து போகும் நாட்களில், வாசலருகே நிற்கும் பறவைப் பலகையின் முன் நின்று மீன்கொத்தியின் முதுகை விரலால் ஒருமுறை தடவுவேன். ஓய்வு பெற்ற பிறகும் இந்த மனுசிக்குத் தூசி பார்க்கும் பழக்கம் போகவில்லை என்று காவலாளி சிரிப்பார். சிரிக்கட்டும்.

அந்த மீன்கொத்தியை வரைந்தவர் எங்கள் பெயின்டர் அண்ணன். பூங்காவில் நிற்கும் தகவல் பலகைகளை எழுதுவதும் துடைப்பதும் அவர் வேலை. பெயின்ற், வார்னிஷ் எடுத்துக் கொடுக்கும் களஞ்சியப் பொறுப்பு என்னுடையது. பலகையில் யாராவது நோட்டீஸ் ஒட்டிவிட்டால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். கண்ணீர் அஞ்சலி என்றாலும் சரி, டியூஷன் விளம்பரம் என்றாலும் சரி, "பறவைக்கு மேல ஒட்டாம இவங்களுக்கு வேற இடமா இல்ல?" என்று புறுபுறுத்தபடி தகட்டால் சுரண்டித் தள்ளுவார். மத்தியானச் சோறு கொண்டு வரும் அவர் மனைவி, எங்கள் அண்ணி, "பறவையில வெச்சிரிக்கிற பாசத்தில கொஞ்சத்த ஊட்டுக்கும் கொண்டு வாங்க" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

சுனாமியாய்க் கடல் வந்த அன்று அண்ணி தேற்றாத்தீவில் தாய் வீட்டில் இருந்தார். தாயின் உடல் கிடைத்தது. அண்ணி கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையில் எங்கள் பலகை நின்றதால், காணாமற்போனவர்களின் படங்களைச் சனங்கள் அதில் ஒட்டத் தொடங்கினார்கள். கொக்கு மறைந்தது, நாரை மறைந்தது. சில நாள் கழித்து வேலைக்கு வந்த அண்ணன் தகட்டைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். வார்னிஷ் கேட்டார். மழையில் ஊறிவிடாதபடி ஒவ்வொரு படத்துக்கும் மேலே பூசினார். கடைசியில் சட்டைப்பையிலிருந்து தன் கலியாணப் படத்தை எடுத்தார். தன்னை வெட்டி நீக்கியிருந்தார். அண்ணியின் தோளோடு அவருடைய மாலையின் ஓரம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதை மீன்கொத்தியின் முதுகில் ஒட்டினார்.

உடல் கிடைத்தவர்கள் வந்து தங்கள் படத்தை எடுத்துப் போனார்கள். மற்றவை மழையோடும் காற்றோடும் போயின. அண்ணியின் படத்துக்கு மட்டும் மாதா மாதம் வார்னிஷ் ஏறியது. வெயிலில் முதலில் சேலையின் நிறம் போனது, பிறகு முகமும் போனது. யுத்தம் முடிந்த வருசம் அது வெறும் வெள்ளைக் கடதாசி. அப்போது யுத்தத்தில் காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்திக்கொண்டு தாய்மார் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள்; அவற்றைப் பலகையில் ஒட்ட யாருக்கும் துணிவு வரவில்லை.

தெற்கிலிருந்து சுற்றுலாச் சனம் வரத் தொடங்கியதும், பலகைகளைச் சுத்தமாக்கி மூன்று மொழியிலும் எழுதும்படி உத்தரவு வந்தது. அதை அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே கேள்விப்பட்டு வந்தார்.

"படத்த நானே எடுக்கிறன் தங்கச்சி. எடுத்தா அவ இல்லெண்டு ஆயிரும். அதுதான் இவ்வளவு நாளும்..."

தகட்டை ஓரத்தில் நுழைத்ததும் கடதாசி முழுதாகவே கையோடு வந்துவிட்டது. கீழே நீலம். பறவை முழுவதும் சாம்பலாய் வெளுத்திருக்க, படம் இருந்த இடத்தில் மட்டும் அவர் பூசிய அன்றைய நீலம். அண்ணன் நிலத்தில் குந்திவிட்டார்.

"பாருங்க, அவ வெயில் படாம வெச்சிரிக்கா."

அவர் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மற்ற எல்லாப் பறவைகளுக்கும் புது நிறம் அடித்தார்; மீன்கொத்தியைத் தொடவில்லை. அண்ணனும் போய்ச் சில வருசங்களாகின்றன. அந்தப் புறுபுறுப்பை இன்னொரு தரம் கேட்க மாட்டோமா என்று மனம் கிடந்து ஏங்குகிறது.

மூட ஆளில்லாத அந்த நீலமும் வெளுத்து, இப்போது பறவையின் மற்ற நிறத்தோடு சேர்ந்துவிட்டது. எந்த இடம் என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் படத்தின் நாலு ஓரத்திலும் வழிந்து உறைந்த வார்னிஷ், வயல் வரம்பு போல மெல்லிதாக இன்னும் நிற்கிறது. விரல் வைத்தால் தெரியும். அதனால்தான் தடவுகிறேன்.