மற்றும் பலர்

ரேடியோவில் பாட்டுக் கேட்டோம் என்று நானும் அண்ணனும் சொன்னது பாதி பொய். ஞாயிறு பகல் நேயர் விருப்பத்தில் எங்களுக்குப் பாட்டு முக்கியமே இல்லை. பாட்டுக்கு முன்னால் வாசிக்கிற பெயர்கள்தான் முக்கியம்.

தமிழர்களை அடித்த கலவரத்தில், மடுல்கெல்லப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் அண்ணன் குடியிருந்த லயத்து வீடுகளைக் கொளுத்திவிட்டார்கள். அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வடக்கே வன்னிக்குக் கிளம்பினான். நான் கல்யாணமாகிக் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் இருந்தேன். வழியனுப்பப் போனபோது கண்டி பஸ் நிலையத்தில் வைத்துச் சொன்னான்:

“கடுதாசிய நம்பாத, எனக்கு நிலையா ஒரு விலாசம் இருக்காது. மாசம் ஒரு தபாலட்டை ரேடியோவுக்குப் போடுறேன். பேரு வந்தா உசுரோட இருக்கேன்னு வச்சுக்க. நீயும் போடு.”

“எந்தப் பாட்டக் கேக்க?”

“எந்தக் கழுதையையாவது கேளு. பேரு வந்தா போதும்.”

அவன் பெயர் இரண்டு தடவை வந்தது. மலைக்கு நடுவில் மத்திய அலை இரைந்துகொண்டே இருக்கும். ரேடியோவை ஜன்னல் கம்பியோடு சேர்த்து வைத்து, காதை ஒட்டிக்கொண்டு கேட்பேன். இரண்டாவது தடவை பிள்ளைகள் பெயரும் வந்தது. அன்று அடுப்பில் பருப்பு கருகியது. கருகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சண்டை முற்றியதும் அட்டைகள் குவிந்திருக்க வேண்டும். அறிவிப்பாளர் ஏழெட்டுப் பெயரை வாசித்துவிட்டு, “மற்றும் பலர்” என்று முடித்துவிடுவார். மிச்சத்தையும் வாசித்தால் வாய் வலிக்குமா? அந்தப் பலருக்குள் அண்ணன் இருந்தானா இல்லையா என்று வருஷக்கணக்கில் யோசித்தேன்.

அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. நான் போட்ட அட்டை மட்டும் என்ன வாழ்ந்தது? வீட்டுக்காரர், “பேரும் ஊரும் எழுதாத. இங்க தமிழ் வீடு இருக்குன்னு நாமளே கூவணுமா?” என்றார். பக்கத்துக் கடை முஸ்லிம் நானாவும், “காலம் சரியில்ல தங்கச்சி, ரேடியோவக் கொஞ்சம் கொறச்சு வைங்க” என்றார். பயந்துபோய், ‘கண்டியிலிருந்து ஒரு நேயர்’ என்று எழுதினேன். அதையும் வாசித்தார்கள். அந்த நேயர் யாரென்று அண்ணன் எப்படிக் கண்டுபிடிப்பான்? மாதாமாதம் அட்டை போட்டு, நான் உயிரோடு இருப்பதை அவனிடமிருந்து மறைத்தேன்.

பிறகு எஃப்எம் வந்தது. இரைச்சல் போனது, தபாலட்டையும் போனது. எல்லாம் டெலிபோன். சண்டை மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் நானாவின் கடையிலிருந்து ரேடியோ நிலையத்துக்குத் திரும்பத் திரும்ப போன் எடுத்தேன். கிடைத்தது.

“ஹலோ அக்கா, சாப்பிட்டீங்களா? யாருக்கு இந்தப் பாட்டு?” ஒரு சின்னப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“எங்க அண்ணனுக்கு.”

“அண்ணன் எங்க இருந்து கேட்டுக்கிட்டு இருக்காரு?”

“தெரியாது. இருக்கானான்னே தெரியாது.”

சிரிப்பு நின்றது. “அப்ப என்ன பாட்டு போட அக்கா?”

“நீயே பாத்துப் போடு. நான் யாருன்னு சொல்லிக்கிறேன், குறுக்க பேசாத.”

என் முழுப் பெயர், அப்பா பெயர், கட்டுகஸ்தோட்டை, பாலத்திலிருந்து எத்தனையாவது வீடு, எல்லாவற்றையும் சொன்னேன். நானா கையில் இருந்த சீனிப் பையைக் கட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை.

அந்த அலைவரிசை வன்னிக்கு எட்டுமா என்று நான் இன்றுவரை யாரிடமும் விசாரிக்கவில்லை.