கம்பெனி பெட்டி அல்ல

மாட்டிக்கொண்ட பிறகுதான் அந்த வரியை எழுதி வைத்தாள் என்று பேசுகிறவர்களில் ஒருவராவது, அவள் எழுதும்போது பக்கத்தில் இருந்தது உண்டா? கிடையாது. மாடிப்படியில் கேட்டதைக் காய்கறிக் கடையில் சொன்னார்கள். காய்கறிக் கடையில் அதற்குக் கைகால் முளைத்தது. மறுபடி மாடிப்படிக்கே வந்து சேர்ந்தபோது அது வேறு கதையாகிவிட்டது. போலிக் கம்ப்யூட்டரை அசல் என்று ஏமாற்றி விற்றாளாம், குட்டு உடைந்ததும் புருஷனை விட்டு ஓடினாளாம். ஓடுகிறவள் தன் காலாலேயே அச்சகத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் நிற்பாளா? செத்துக் கிடந்த மெஷின்களை ஒவ்வொன்றாகப் பிழைக்க வைத்துவிட்டுத்தான் ஓடுவாளா? இதைக் கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. திரும்பட்டும். நடந்ததை நடந்தபடி ஒருமுறை சொல்லித்தான் தீர வேண்டும்.

தெருவில் அவளுக்குத் திருப்புளி என்று பேர். கொண்டையில் எந்நேரமும் ஸ்க்ரூ முடுக்கும் திருப்புளி ஒன்று செருகியிருக்கும். சமைக்கும்போதும் எடுக்க மாட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்த பழக்கம். வாய் கொஞ்சம் நீளம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் நல்லா இருக்கியாம்மா என்று கேட்டால், இருக்கேன், அந்த ஒயரை மிதிக்காம உக்காருங்க என்பாள். அதனால் அவளைப் பிடிக்காதவர்கள் உண்டு. பிடிக்காதது வேறு, திருடி என்பது வேறு.

அவள் புருஷனின் அண்ணன், அதாவது அவளுடைய மூத்தார், வீட்டின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்தார். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் மை என்று சில்லறை வியாபாரம். கடைக்குப் பின்னால் காலி அட்டைப்பெட்டிகளைப் போட்டு வைக்கும் அறை ஒன்று இருந்தது. அதைக் கூட்டிப் பெருக்கி, ஒரு மேஜையைப் போட்டு, அவள் தன் பட்டறையாக்கிக்கொண்டாள்.

அங்கே அவள் என்ன செய்தாள் என்று தெரியாமலேயே பாதிப் பேர் பேசுகிறார்கள். கம்ப்யூட்டரை விலை கூட்டி விற்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. அதன் சிஸ்டம், அதாவது கம்ப்யூட்டரை ஓட வைக்கும் மென்பொருள், அதன் சொந்தப் பெட்டியில்தான் ஓடும். வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்கள், புத்தகப் பக்கம் அமைக்கிறவர்கள் எல்லாம் அதில் கை பழகியவர்கள். பெட்டியின் விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும். திருப்புளி மதர்போர்டை ஒரு இடத்தில், புராசஸரை ஒரு இடத்தில் என்று பார்த்துப் பார்த்து வாங்குவாள். யாரோ கழித்துப் போட்ட பழைய தகரப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடக்கி, அதில் அந்த சிஸ்டத்தை ஏற்றுவாள்.

ஏற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அந்த சிஸ்டம் உள்ளே காலெடுத்து வைக்கும் முன்பே விசாரிக்கும்: இது நம் வீட்டுப் பெட்டிதானா? யாரும் வாய் திறக்கவில்லை என்றால் அப்படியே திரும்பிவிடும். முந்திக்கொண்டு, ஆமாம், வேண்டப்பட்ட இடம்தான், வாங்க வாங்க என்று சொல்ல ஒரு சின்ன ஃபோல்டர் வேண்டும். அந்த ஃபோல்டரை அமைப்பதுதான் அவள் வித்தை. ஒவ்வொரு போர்டுக்கும் பதில் ஒவ்வொரு மாதிரி. ஒரு எழுத்துத் தப்பினாலும், கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் கடகடவென்று ஓடிவந்து ஏதோ ஒரு வரியில் முரண்டு பிடித்து நின்றுவிடும்.

இப்படிச் செய்யக் கூடாது என்றுதான் கம்பெனி சொல்கிறது. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. வாங்க வருகிறவர்களை உட்கார வைத்து, பணம் கைமாறும் முன்பே சொல்லிவிடுவாள். ‘இது கம்பெனி பெட்டி இல்ல, நான் கட்டினது. அப்டேட் போடட்டுமான்னு அது கேக்கும். போடாதீங்க, போட்டா படுத்துடும். என்கிட்ட கொண்டு வாங்க, நான் பாத்துப் போட்டுத் தரேன்.’ இதைக் கேட்டு எழுந்து போனவர்களும் உண்டு. போகிறவர்களைப் பார்த்து மூத்தாருக்கு வயிறு எரியும்.

புருஷன் நல்லவன். அவளே அப்படித்தான் சொல்வாள். பார்சல் ஆபீஸில் வேலை. சாயங்காலம் வந்ததும் முகம் கழுவிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிடுவான். டார்ச் பிடிப்பான், திரையில் நின்றுபோன வரியை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்வான். முதல் பெட்டியில் எல்லாம் சரிப்பட்டு, தூக்கம் மட்டும் சரிப்படவில்லை. வேலை இல்லாமல் கொஞ்ச நேரம் விட்டால் மெஷின் தானாகத் தூங்கப் போகும். அப்புறம் என்ன தட்டினாலும் எழுந்திருக்காது. நீ தூங்க மாட்டேங்கற, இது எழுந்திருக்க மாட்டேங்குது, நடுவுல நான் மாட்டிக்கிட்டேன் என்று அவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஒருநாள் அது கண் விழித்தபோது அவளைவிட அவன்தான் அதிகம் ஆடினான். அன்றைக்கு, பெட்டியின் உள்வேலையைத் தொடுவதற்கு ஒரு பாஸ்வேர்டு வைத்தார்கள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது அவன் அவளைக் கூப்பிடும் பேர் அது. அதற்குப் பிறகு கட்டிய எல்லாப் பெட்டிக்கும் அதே பேர்தான். அதைத் தட்டும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வரும்.

பெட்டிக்குக் கிராக்கி ஏறியதும் மூத்தாருக்குத் திடீரென்று அவள்மேல் கரிசனம் வந்தது. பொம்பளை மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் படி ஏற வேண்டுமா, கொடுக்கல் வாங்கலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவளுக்குப் புரியாமல் இல்லை. எதைச் சொல்லாமல் விற்கப் போகிறார் என்பதும் புரிந்தது. அண்ணனை எதிர்த்துப் பேசி வீட்டில் சண்டை எதற்கு என்று புருஷன் கெஞ்சியதால் ஒத்துக்கொண்டாள். ஆனால் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டியின் விவரம் காட்டும் ஜன்னல் ஒன்று அந்த சிஸ்டத்தில் உண்டு. எந்த மாடல், எந்தப் புராசஸர் என்று அதில் தெரியும். அந்த இடத்தில் அவள் எழுதி வைத்தாள்: இது கம்பெனி பெட்டி அல்ல, கையால் கட்டியது, அப்டேட் அழுத்த வேண்டாம். தான் போய்ச் சொல்ல முடியாததைப் பெட்டியே சொல்லட்டும் என்று எண்ணம். இல்லை என்று அவள் தட்டியிருந்ததை, அல்லன்னு போடு, படிச்சவங்க பாக்கற இடம் என்று திருத்திக் கொடுத்ததே அவள் புருஷன்தான். ஆகவே அவனுக்கு அது தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அச்சகத்துக்கு ஒரு வரிசையாகப் பெட்டிகள் போனது அதற்குப் பிறகுதான். பள்ளிக்கூடப் புத்தக வேலை தலைக்குமேல் இருந்த சமயம். ஒருநாள் காலையில் எல்லாத் திரையிலும் அப்டேட் வந்திருக்கிறது என்று அறிவிப்பு. அசல் கம்பெனி மெஷின் என்று நம்பியிருந்த அச்சகக்காரர், எல்லாரும் போட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள் என்றார். போட்டார்கள். எல்லாம் படுத்துவிட்டது. அன்றைக்கு லீவில் இருந்த ஒரு பெண்ணின் மெஷினை மட்டும் யாரும் தொடவில்லை, அதனால் அது தப்பித்தது.

அச்சகக்காரர் கடைக்குப் போன் பண்ணினார். மூத்தார் பட்டறை வாசலில் வந்து நின்று, கட்டினவ நீதானே, நீயே வந்து சொல்லு என்றார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். புருஷனையும் கூட்டிக்கொண்டாள். சாட்சிக்கு இருக்கட்டும் என்று.

அச்சகக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். கத்துகிற மனிதர் இல்லை. ‘ஏம்மா, ஒரிஜினல்னு சொல்லித்தானே குடுத்தீங்க? அந்த நம்பிக்கையிலதான அழுத்தச் சொன்னேன்?’

அவள் மூத்தாரைப் பார்த்தாள். அவர் அச்சகக்காரரைப் பார்த்துச் சொன்னார்: ‘என்கிட்டயும் அப்படித்தான் சார் சொன்னா. நான் வித்தவன், கட்டினவன் இல்லையே.’

அப்போதுகூட அவளுக்குக் கோபம் வரவில்லை. வரி இருக்கிறது என்ற தைரியம். ‘நான் சொல்றதை நம்ப வேணாம் சார். மெஷினே சொல்லும், வாங்க’ என்று, தப்பித்த மெஷினுக்கு எல்லாரையும் அழைத்துப் போனாள். வேலையாட்களும் பின்னால் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவள் அந்த ஜன்னலைத் திறந்தாள்.

அவள் எழுதிய வரி அங்கே இல்லை. கம்பெனியின் மாடல் பேர், புராசஸர் பேர், எல்லாம் அசலில் எப்படி இருக்குமோ அப்படியே, புள்ளி பிசகாமல் இருந்தது.

பாத்தீங்களா சார் என்றார் மூத்தார், மெதுவாக.

அந்த இடத்தை மாற்ற வேண்டுமானால் பாஸ்வேர்டு தட்ட வேண்டும். அதைத் தட்டத் தெரிந்த விரல்கள் உலகத்திலேயே இருபதுதான். அதில் பத்து அவளுடையவை. அவள் திரும்பிப் பார்த்தாள். புருஷன் சுவரோரமாக நின்று, யாருடையதோ ஒரு ஒயரை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுற்றினான்.

அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். அவளுக்கு வாய் இல்லாமலா? காட்டிக் கொடுத்ததாக இருக்க வேண்டாம், அவனாகச் சொல்லட்டும் என்று நின்றாள். அச்சகக்காரரும் அவனையே கேட்டார்: ‘தம்பி, நீங்க சொல்லுங்க. இவங்க சொல்ற மாதிரி ஏதாவது எழுதியிருந்துதா?’

‘எனக்குத் தெரியலீங்க’ என்றான் அவன். ‘இதெல்லாம் அவதான் பாப்பா.’

அவள் ஒரு நாற்காலி கேட்டாள். உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த பென்டிரைவைச் செருகி, ஒவ்வொரு மெஷினாக எழுப்பினாள். அவள் எதையும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை நிறுத்தினார்கள், அதையும் பொறுத்துக்கொண்டாள். யாருடைய வேலையும் அழியவில்லை, பக்கங்கள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒவ்வொன்றிலும் அந்த வரியைத் திரும்ப எழுதினாள். அதைத்தான் இந்தத் தெரு பிடித்துக்கொண்டது. மாட்டிய பிறகு எழுதினாள் என்றால், ஆமாம், எழுதினாள். இரண்டாம் தரம்.

வீட்டுக்கு வந்ததும் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். அவன் மழுப்பவில்லை. ‘அண்ணன் கேட்டான். ஒரு வரிதானேன்னு மாத்தினேன். மெஷின் நல்லாத்தானே ஓடிச்சு?’

‘ஓடிச்சு.’

‘அப்புறம் என்ன?’

‘அந்த ஒரு வரியை அச்சகத்துல போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் மாத்தினேன்னு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.’

மாமியாருக்குக் காதில் விழுந்துவிட்டது. அந்த அம்மாள் கெட்டவர் இல்லை, கணக்குத்தான் அப்படி. பழி மருமகள்மேல் இருந்தால் கொஞ்ச நாள் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள், பிள்ளைகள்மேல் வந்தால் கடையே போய்விடும், நீதானேம்மா கொஞ்சம் விட்டுக் கொடுக்கணும் என்றார். ‘உங்க பசங்க பேரு பேரு, என் பேரு மட்டும் பிடித்துணியா அத்தை?’ என்றாள் அவள்.

புருஷன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தான். ஆபீஸில் ஆள் இல்லை என்றான், பார்சல் அதிகம் என்றான். ஒருநாள் சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, போய்ட்டு வந்துட்டேன், எல்லாம் பேசிட்டேன் என்றான். அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். கேட்டுக்கிட்டார் என்றான். அவளுக்கு அவ்வளவு போதுமாக இருந்தது. மேஜைமேல் பாதியில் கிடந்த புதுப் பெட்டியை அன்றைக்கே திரும்ப எடுத்தாள். எல்லாம் வந்துவிட்டது, சவுண்டு மட்டும் வரவில்லை. பழையபடி அவன் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தான். அவன் ஏதோ கேலி பேச, அவளும் சிரித்தாள்.

சில நாள் கழித்து, பிரிண்டர் மை வாங்க அச்சகக்காரர் கடைக்கு வந்தார். சத்தம் கேட்டு அவளே வெளியே வந்தாள். தலை நிமிர்ந்துதான் வந்தாள். அவர் அவளைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கனிவாகத்தான் பேசினார்.

‘உங்க வீட்டுக்காரர் வந்திருந்தார்மா. அவ ஆசையில ஏதோ பண்ணிட்டா, பிடிவாதக்காரி, அவளா வந்து மன்னிப்புக் கேக்க மாட்டா, அவளுக்காக நான் கேக்கறேன்னு சொன்னார். ரொம்ப நல்ல மனுஷன். போனது போகட்டும். இனிமே யாருக்கும் இப்படிப் பண்ணாதீங்க, என்ன?’

மூத்தார் மையை அட்டைப்பெட்டியில் போட்டு, மிச்சச் சில்லறையோடு நீட்டினார். அச்சகக்காரரிடம் அவள் எதைச் சொல்ல? சொன்னாலும் இனி யார் காதில் ஏறும்? அவனே போய் அவள் பேரில் ஒப்புக்கொண்டு வந்துவிட்டான். அன்றைக்குச் சுவரோரமாக நின்று தெரியாது என்றானே, அதையாவது பயம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு இடம் இருந்தது. இது, சட்டை போட்டுக்கொண்டு, பஸ் ஏறிப் போய்ச் செய்த காரியம்.

மறுநாள் காலையில் அவள் ஒரு பையை எடுத்துவைத்தாள். துணிமணி, அவள் வாங்கிய சாமான்கள், அவளுடைய பென்டிரைவ். அதையும் திருடிக்கொண்டு போனாள் என்கிறார்கள். தன் கையெழுத்தைத் தான் எடுத்துப்போவது திருட்டா? மாமியாரிடம் சொல்லிக்கொண்டாள். மாமியார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் படியில் காலடிச் சத்தம். புருஷன் வேகமாக இறங்கி வந்தான். அவள் இன்னொரு செருப்பை மாட்டாமல் நின்றாள். கதவுவரைக்கும் வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தான். அவன் சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லியிருந்தால் பையைக் கீழே வைத்திருப்பாள். அதில் சந்தேகமே வேண்டாம்.

‘மேஜையில இருக்கற பெட்டிக்கு இன்னைக்கு ஆள் வராங்களாம்’ என்றான் அவன். ‘அந்தச் சவுண்டு எப்படி வர வைக்கறதுன்னு அண்ணன் கேக்கச் சொன்னான்.’

அவள் குனிந்து இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டாள்.

‘வருதுன்னு சொல்லிடுங்க’ என்றாள். ‘நீங்க சொன்னா நம்புவாங்க.’

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள். அவன் கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றான். என்னடா சொன்னா என்று மூத்தார் உள்ளேயிருந்து கேட்டது தெருமுனைவரைக்கும் கேட்டது.