சனிக்கிழமைத் தூக்கம்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் என் கணவருக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சின்ன ரயில் நிலையத்தில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர் வேலை. பட்டாள வண்டிகள் நேரம் காலமில்லாமல் வந்தன. பன்னிரண்டு மணி நேர டூட்டி. வாரத்தில் சனிக்கிழமை மட்டும் ஓய்வு. ஒரு முறை வண்டி எண்ணைப் புத்தகத்தில் மாற்றி எழுதிவிட்டார். இன்னொரு தப்பு நேர்ந்தால் வேலை போய்விடும் என்று மேலதிகாரி எச்சரித்திருந்தார்.

அந்தத் தப்புக்கு உடம்புச் சூடுதான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தேன். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு பகலில் தூங்கக்கூடாது, ஜுரம் வரும் என்று என் பிறந்த ஊரான ஆண்டிமடத்தில் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். அதனால் அவர் கண் சொருகும்போதெல்லாம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஸ்டேஷன்லதான் ஒரு அதிகாரின்னா வூட்டுலயும் ஒண்ணு. தூங்குனா ரிப்போர்ட் எழுதிடுவ போல" என்பார்.

"உங்க நல்லதுக்குத்தாங்க" என்பேன்.

ஒரு சனிக்கிழமை, விழித்திருக்கட்டும் என்று எட்டு மாதக் குழந்தையை அவர் மடியில் விட்டுச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். குழந்தை முழங்காலிலிருந்து சரிந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பிடித்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஸ்டேஷனில் கொடியோடு நிற்கும்போது இப்படி ஆனால்? அவரை எழுப்பாமல் பாயில் சாய்த்துப் படுக்க வைத்தேன்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, எண்ணெ தேச்ச உடம்பு, தூங்கவுடுறியே! ஜுரம் வந்தா நான் சொல்லலன்னு சொல்லாத."

"தூங்கட்டுங்க அக்கா" என்றேன். அவள் போனதும், சரியாகத்தான் செய்தேனா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அரை மணிக்கொரு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

விளக்கேற்றும் நேரத்தில் திடுக்கிட்டு எழுந்தார். "வண்டி போயிடுச்சா?"

"நாலு போயிடுச்சு. ஒண்ணும் உங்களத் தேடல."

சிரித்தார். அவர் சிரித்துப் பல நாளாகியிருந்தது. இன்னொரு தடவை நெற்றியைத் தொட்டேன். சூடில்லை.

"இன்னும் செத்த நேரம் படுங்க" என்றேன். மத்தியானம் அவர் சாப்பிடவே இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.